கண்ணாடித் தொட்டியும் ஊர் ஏரியும்

(விவசாய டெமான்ஸ்டிரேட்டர் ஒருவர் எழுதியது)

பயிருக்கும் உரத்துக்கும் கால்நடைக்கும் உரிய இப்பத்திரிகையில் அலங்கார மீன்களைப் பற்றி எழுதுவானேன் என்று மிராசுதார்களும் கிராம அதிகாரிகளும் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. சென்னைக் கடற்கரையில் 1909ஆம் வருஷத்தில் பொது ஜனங்களுக்காக மீன் காட்சிச்சாலை ஒன்று திறக்கப்பட்ட காலத்தில், கண்ணாடிக்குள் நீந்தும் மீனைப் பார்க்க விரும்பியவர் பட்டணத்துக்குப் பிரயாணம் செய்ய வேண்டியிருந்தது. இக்காலத்திலோ, சென்னையைச் சேர்ந்த கொளத்தூரில் அலங்கார மீன் வியாபாரம் பெருகித் தாலுகா ஊர்களிலும் அதற்கெனக் கடைகள் ஏற்பட்டுவிட்டன. குடியானவர் வீட்டுக் கூடத்திலும், பள்ளிக்கூடத்திலும், சில ஆபீசுகளிலும் இரண்டு அடி நீளமுள்ள தொட்டியைக் காண்கிறோம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைகள் ஓர் உயிரைப் பராமரிக்கப் பழகுவது நல்லதே.

ஆனால், ஒன்றோடொன்று ஒத்து வாழாத மீன்களை ஒரே தொட்டியில் சேர்த்து விடுவதால் நேரும் கேடு தொட்டியோடு நின்றுவிடுவதில்லை. மிஞ்சியதும் வேண்டாததும் கடைசியில் ஊர் ஏரிக்கும் குளத்துக்கும் போய்ச் சேருகின்றன. ஆகையால், தொட்டிக்கு மீன் தெரிந்தெடுக்கும் விஷயத்தைப் பிள்ளைகளின் விளையாட்டென்று விட்டுவிடாமல், நிலமுடையவர்களும் ஊர்ப் பொறுப்புடையவர்களும் கவனிக்க வேண்டும் என்பது எனது அபிப்பிராயம். இந்த அபிப்பிராயத்துக்கு நான் வந்தது எனது சொந்தப் பிழை ஒன்றினால்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன், எனது விசாரணைக்குட்பட்ட பிர்க்காவில் ஒரு மிராசுதாரர் வீட்டுக்கு நெல் விதை சம்பந்தமாகச் சென்றிருந்தேன். கூடத்தில் புதிதாக ஒரு கண்ணாடித் தொட்டி வைக்கப்பட்டிருந்தது. அதில் தங்கமீன் இரண்டு, ஏஞ்சல் இரண்டு, டைகர் பார்ப் நான்கு, கப்பி பத்து, பாசியைத் தின்று கண்ணாடியைச் சுத்தமாக வைக்கும் என்று கடைக்காரர் சொல்லிக் கொடுத்த சக்கர் மீன் ஒன்று, ஆகப் பத்தொன்பது மீன்கள் இருந்தன. எல்லாம் நிறத்தைப் பார்த்து அவருடைய பேத்தி தெரிந்தெடுத்தவை. ஒரு மாதங் கழித்து நான் மறுபடியும் சென்றபொழுது, கப்பிகளில் மூன்றே மிஞ்சியிருந்தன. ஏஞ்சல்களின் நீண்ட துடுப்புகள் கந்தலாகக் கிழிந்திருந்தன. தங்கமீன்கள் இரண்டும் செத்து எருக்குழிக்குப் போய்விட்டன. அந்தக் குழந்தை என்னிடம், தான் வேளை தவறாமல் தீனி போட்டதாகச் சொல்லி அழுதாள். சக்கர் மீன் மாத்திரம் திடமாக இருந்தது. ஒரு வருஷத்திற்குப் பின் அது முக்கால் அடி வளர்ந்து, திரும்புவதற்கும் இடம் போதாமல் தொட்டியின் அடியில் கிடந்தது. “இதை என்ன செய்வது, ஐயா?” என்று மிராசுதாரர் கேட்டார். “ஏரியில் விட்டுவிடுங்கள், பிழைத்துப் போகட்டும்” என்று நான் சொன்னேன். பயிரில் கண்ட பூச்சியைப் பற்றி ஒருவர் கேட்டால் இரண்டு முறை யோசித்தே பதில் சொல்லும் நான், இதற்கு ஒரு கணமும் யோசிக்கவில்லை.

அந்தத் தொட்டியில் நடந்தது என்ன என்பதைக் குடியானவர்களுக்கு விளக்குவது எளிது. ஏரியிலும் பண்ணைக் குட்டையிலும் குஞ்சு விடுகிறவர்கள் கட்லா, ரோகு, மிர்கால் என்ற மூன்றையும் சேர்த்து விடுகிறார்கள். கட்லா மேல் ஜலத்திலும், ரோகு நடு ஜலத்திலும், மிர்கால் அடியிலும் இரை தேடுவதால், ஒன்றின் ஆகாரத்தில் மற்றொன்று கை வைப்பதில்லை. விரால் புகுந்த குட்டையில் குஞ்சு விட்டால் என்ன ஆகும் என்பதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஏரியில் இவ்வளவு யோசனை செய்கிற நாம், ஐம்பது லிட்டர் ஜலம் மாத்திரம் கொள்ளும் தொட்டியில் யாதொரு யோசனையுமின்றிச் செய்கிறோம். ஏரியில் விரட்டப்பட்ட மீன் வேறொரு மூலைக்குப் போய்த் தப்பலாம். தொட்டியில் வேறு மூலை கிடையாது. ஆகையால், இடம் சுருங்கச் சுருங்கத் தெரிந்தெடுப்பதில் ஜாக்கிரதை அதிகப்பட வேண்டும்.

மீனை வாங்குமுன் நான்கு விஷயங்களை விசாரித்தறிதல் அவசியம். முதலாவது, அது முழு வளர்ச்சியில் எவ்வளவு பெரிதாகும் என்பது. கடையில் விற்பவை பெரும்பாலும் குஞ்சுகளே. ஓர் அங்குலக் குஞ்சாக வாங்கும் ஆஸ்கர் ஓர் அடி வளரும். வாயில் அடங்கும் மீனையெல்லாம் விழுங்கும். சக்கர் மீன் ஓர் அடிக்கு மேலும் வளரும். தங்கமீனுங்கூட நல்ல பராமரிப்பில் அரை அடிக்கு மேல் வளர்ந்து, தனது உருவத்துக்குத் தக்கபடி மிகுந்த கழிவை விடும். ஏஞ்சல் குஞ்சாக இருக்கையில் சாதுவாகத் தோன்றும். வளர்ந்தபின் நியான் டெட்ரா போன்ற சிறு மீன்களை இரையாகக் கொள்ளும். கன்றுக்குட்டியின் உருவத்தைப் பார்த்து மாட்டுக் கொட்டகையின் அளவைத் தீர்மானிப்பவர் உண்டோ?

இரண்டாவது, நம்முடைய ஜலம் அதற்கு ஒத்ததா என்பது. நமது கிணறுகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும் பல இடங்களில் கிடைப்பது உப்புகள் மிகுந்த கடின ஜலமே. பாத்திரத்தில் வெள்ளை படிவதும், சோப்பு நுரைக்காததும் அதற்கு அடையாளம். அமேஸான் நதிப் பிரதேசத்திலிருந்து வந்த நியான் டெட்ராவுக்கு மென்மையான, சற்றுப் புளிப்புச் சார்ந்த ஜலம் வேண்டும். கப்பி, மாலி, பிளாட்டி முதலியவை கடின ஜலத்திலேயே செழிப்பாக இருக்கும். களர் நிலத்தில் எதை நடலாம், எதை நடலாகாது என்று நாம் பார்ப்பதில்லையா? அதைப் போன்றதே இதுவும். உஷ்ணத்தையும் இவ்விடத்திலேயே கவனிக்க வேண்டும். தங்கமீன் சீன தேசத்தில் வளர்த்துப் பண்படுத்தப்பட்ட குளிர் ஜல மீன். 20 டிகிரி சென்டிகிரேட் அளவில் சுகமாக இருப்பது. ஏஞ்சலுக்கோ 25 டிகிரிக்கு மேற்பட்ட ஜலம் பிரியம். இவ்விரண்டையும் ஒரே தொட்டியில் வைப்பவர் இரண்டில் ஒன்றை எப்பொழுதும் வருத்திக் கொண்டேயிருக்கிறார். நமது சித்திரை வைகாசி உஷ்ணத்தில் வருந்துவது பெரும்பாலும் தங்கமீனே.

மூன்றாவது, அதன் குணம். சுமத்ரா, போர்னியோ தீவுகளின் பக்கத்திலிருந்து வந்த டைகர் பார்ப் அழகும் சுறுசுறுப்பும் உள்ளது. ஆயினும் மெல்ல நீந்தும் நீண்ட துடுப்பு மீன்களைக் கடித்துக் கிழிக்கும் வழக்கமுடையது. ஏஞ்சலும் கப்பியும் அதற்கு எளிய இலக்கு. மிராசுதாரர் தொட்டியில் நடந்தது இதுவே. பைட்டர் என்னும் பெட்டா மீனில் ஆண்கள் இரண்டை ஒன்றாக விட்டால் சாகுமளவும் சண்டையிடும். ஒரு தொட்டிக்கு ஓர் ஆண் மாத்திரமே தகும். குணத்தைக் கேட்டறியாமல் நிறத்தைப் பார்த்து வாங்குவது, சுழியும் நடையும் பாராமல் கொம்பின் வர்ணத்தைப் பார்த்து உழவு மாடு வாங்குவதை ஒக்கும்.

நான்காவது, அது தனித்து வாழ்வதா, கூட்டமாக வாழ்வதா என்பது. ஜீப்ரா டேனியோ, டெட்ரா, பார்ப் இவையெல்லாம் கூட்டமாக வாழும் ஜாதிகள். நிறத்துக்கு இரண்டாகப் பல ஜாதிகளை வாங்குவதே வாடிக்கையாக இருக்கிறது. கூட்டமில்லாத மீன் ஒன்று பயந்து ஒளிந்து இரை கொள்ளாமல் மெலியும். அல்லது அயல் மீனைத் துன்புறுத்தும். டைகர் பார்ப்புகூட ஆறும் அதற்கு மேலும் சேர்ந்திருந்தால் தங்களுக்குள்ளேயே விளையாடிக்கொண்டு பிறவற்றை ஓரளவு விட்டு வைக்கும். எனவே, ஆறு ஜாதியில் ஒவ்வொன்று என்பதைவிட, ஒரு ஜாதியில் ஆறு என்பது மீனுக்கும் நல்லது, பார்வைக்கும் நல்லது.

இந்நான்கையும் கொண்டு, இரண்டு அடி நீளமும் ஓர் அடி அகலமும் ஓர் அடி உயரமும் உள்ள தொட்டிக்கு ஒரு திட்டம் சொல்கிறேன். மணலும் கல்லும் போக அதில் ஏறக்குறைய 48 லிட்டர் ஜலம் நிற்கும். சிறு மீன்களைப் பொறுத்தவரை, வளர்ந்த அளவில் ஓர் அங்குல நீளத்துக்கு 4 லிட்டர் என்று கணக்கிடுவது ஒரு தோராயமான அளவு. அப்படியாயின் இத்தொட்டிக்கு 12 அங்குலம் தாங்கும். ஒன்றரை அங்குலம் வளரும் ஜீப்ரா டேனியோ ஆறு விட்டால் 9 அங்குலம், ஓர் அங்குலமேயுள்ள ஆண் கப்பி மூன்று விட்டால் 3 அங்குலம், கணக்கு நிறைந்தது. ஜீப்ரா டேனியோ நமது தேசத்து மீனே. கங்கைப் பிரதேசத்து மீன்களைப் பற்றி ஹாமில்டன் என்பவர் 1822ஆம் வருஷத்தில் எழுதிய நூலில் அது வர்ணிக்கப்பட்டது. இன்று உலகமெங்கும் ஆராய்ச்சிச் சாலைகளில் அதை வளர்க்கிறார்கள். கடின ஜலத்தையும் உஷ்ண மாறுதலையும் நன்றாகத் தாங்கும். அது வேகமாக நீந்தி முந்திக் கொள்ளுமாதலால், தீனியை இரண்டு பக்கமாகத் தூவுவது உத்தமம்.

கப்பியில் ஆணை மாத்திரம் வாங்கும்படி சொல்வதற்குக் காரணம் உண்டு. அதன் பெண் முட்டையிடாமல் குஞ்சு ஈனும். ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு தடவை ஈனும். ஒரு முறை ஆணுடன் கூடியபின் அதன் வித்தைத் தன் வயிற்றில் சேமித்துவைத்து, ஆண் இல்லாமலே பல மாதங்கள் குஞ்சு பொரிக்கும். ஆணும் பெண்ணும் சேர்த்து வாங்கியவர் ஆறு மாதத்தில் தொட்டி கொள்ளாத பெருக்கத்தைக் கண்டு, செம்பில் மொண்டு வாய்க்காலில் கொட்டுகிறார். நிறமும் வாலும் ஆணுக்கே அழகாதலால், ஆணை மாத்திரம் வைப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

மீன் ஒத்ததாயினும் தொட்டி பக்குவப்படாவிட்டால் பயனில்லை. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது; அது மீனுக்கு விஷம். நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பின்பு அவ்வளவு தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. வயலில் இட்ட எரு பயிருக்கு ஏற்ற சத்தாக மாறுவதும் இவ்வகை நுண்ணுயிர்களாலேதான். புதுத் தொட்டியில் அவை போதிய அளவு உண்டாக நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். முதல் நாளே பத்தொன்பது மீனை விடுவது, மட்காத பச்சைச் சாணத்தை நாற்றங்காலில் கொட்டுவதற்குச் சமானம். ஆகையால், முதலில் மூன்று டேனியோக்களை விட்டு, குறைந்த தீனியிட்டு, வாரத்துக்கு இரண்டு தடவை கால் பாகம் ஜலத்தை மாற்றி, ஆறு வாரத்தில் மற்றவற்றைச் சேர்க்கலாம். அதன்பின் வாரத்துக்கு ஒரு தடவை மாற்றினால் போதும். மருந்து தெளித்த கையோடு தொட்டியைத் தொடலாகாது. பயிர்ப் பூச்சி மருந்துகள் பல அற்ப அளவிலேயே மீனைக் கொல்லும்.

இனி ஏரியின் கதைக்கு வருவோம். நான் யோசனை சொன்ன நான்காம் வருஷம், அவ்வேரியின் மீன்பாசிக் குத்தகைதாரர் தமது வலையைக் கரையில் விரித்து எனக்குக் காட்டினார். பல இடங்களில் அது அறுந்திருந்தது. பக்கத்தில் ஒரு கூடை நிறையச் சக்கர் மீன்கள் கிடந்தன. உடம்பு முழுவதும் எலும்புத் தகடு, துடுப்பில் முள். வலையில் மாட்டினால், வலையை அறுக்காமல் எடுக்க முடிவதில்லை. எடுத்தாலும் சந்தையில் வாங்குவார் இல்லை. “இது எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை, ஐயா” என்றார் அவர். எனக்குத் தெரிந்திருந்தது. நான் விடச் சொன்ன ஒரு மீனே இவ்வளவுக்கும் காரணம் என்று சொல்லமாட்டேன். ஒற்றை மீன் தனியே பெருகாது. ஆனால் அவ்வேரியைச் சுற்றி எத்தனை தொட்டிகள் இருந்தனவோ, என்னைப்போல் எத்தனை பேர் யோசனை சொன்னார்களோ! அன்று அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை, “படித்தவர்கள் சொன்னால்தானே நாங்கள் கேட்போம்” என்று மாத்திரம் சொன்னார். கோபித்திருந்தாலும் எனக்கு இவ்வளவு உறைத்திராது.

தென் அமெரிக்காவைச் சேர்ந்த இம்மீன் ஆகாயத்தை விழுங்கிச் சுவாசிக்க வல்லது. ஆகையால், கோடையில் ஜலம் வற்றிக் கெட்டபொழுது மற்ற மீன்கள் செத்தாலும், இது சேற்றில் தங்கிப் பிழைக்கும். முட்டையிடுவதற்காகக் கரையில் வளை தோண்டும் வழக்கமும் இதற்குண்டு. நண்டு வளையினால் வரப்பு உடைவதை அறிந்தவர்கள், ஏரிக்கரையில் முழ நீளமுள்ள வளைகள் ஏற்பட்டால் என்ன ஆகும் என்பதை யோசித்துக் கொள்ளலாம். மெக்ஸிகோ தேசத்தில் இன்பியர்னில்லோ என்னும் பெரிய நீர்த்தேக்கத்தில் இவ்வகை மீன்கள் பெருகி, அங்கு மீன்பிடித்துப் பிழைத்தவர்களின் ஜீவனத்தையே கெடுத்துவிட்டன. நமது தேசத்திலும் முன்னனுபவம் உண்டு. 1952ஆம் வருஷத்தில் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, ஜிலேபிக் கெண்டை என்ற பெயருடன் நமது நீர்நிலைகளில் நிலைத்துவிட்டது. அதை இனி அகற்றுவது இயலாத காரியம். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பை இந்திய அரசாங்கத்தார் 2000ஆம் வருஷத்தில் தடை செய்தும், அது இன்னும் அங்கங்கே தலைகாட்டுகிறது. வயலில் புகுந்த கோரையையாவது களையெடுக்கலாம். ஜலத்தில் புகுந்த அந்நிய மீனைக் களையெடுப்பார் இல்லை.

இதற்குச் சில ஆட்சேபங்களை நான் கேட்டிருக்கிறேன். “உயிரைக் கொல்வதைவிட ஏரியில் விடுவது புண்ணியமன்றோ?” என்பது ஒன்று. இரக்கம் நல்லதே. ஆனால் ஓருயிரைக் காக்கப் போய் ஏரியிலுள்ள ஆயிரம் உயிர்களின் இரையையும் இடத்தையும் பறிப்பது புண்ணியக் கணக்கில் எப்படிச் சேரும்? மெய்யான இரக்கம், ஓர் அடி வளரும் மீனை இரண்டு அடித் தொட்டிக்கு வாங்காமலிருப்பதே. “பாசியைத் தின்ன ஒரு மீன் வேண்டாமா?” என்பது மற்றொன்று. பாசி மிகுவது பெரும்பாலும் தீனி மிகுவதாலும் வெயில் படுவதாலுமே. தொட்டியை ஜன்னலிலிருந்து அப்புறப்படுத்தித் தீனியைப் பாதியாகக் குறைத்து, கண்ணாடியைத் துணியால் துடைத்தால் போதும். மூன்றாவது ஆட்சேபம், ஒன்பது மீன் பார்வைக்குப் போதாது என்பது. கதிர்கள் நெருங்கிச் சாய்ந்த பயிரைவிட, இடைவெளி விட்டு நட்ட பயிரே கண்ணுக்கும் களத்துக்கும் நிறைவு தருகிறது என்பதைத் தவிர வேறு பதில் எனக்குத் தோன்றவில்லை.

ஏற்கெனவே தவறாக வாங்கியவர்கள், வேண்டாத மீனைக் கடைக்காரரிடமோ, பெரிய தொட்டியுடைய ஒருவரிடமோ ஒப்படைக்கலாம். மிஞ்சிய கப்பிகளை வீட்டின் சிமெண்டுத் தொட்டியில் விட்டால் கொசுப் புழுவைத் தின்னும். அத்தொட்டியின் ஜலம் வாய்க்காலில் கலவாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். வாங்குவார் யாருமில்லையெனில், மனத்தைத் திடப்படுத்திக் கொண்டு, துன்பமில்லாமல் முடித்துத் தென்னை மரத்தடியில் புதைப்பதே ஊருக்குச் செய்யும் உதவியாகும். ஏரி, குளம், வாய்க்கால், கோயில் தெப்பம் இவற்றில் ஒன்றிலும் விடலாகாது.

கிராம அதிகாரிகளுக்கும் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். தொட்டி மீனை ஊர் ஜலத்தில் விடலாகாது என்பதைக் கிராம சபையில் ஒரு முறை எடுத்துச் சொல்லுங்கள். மீன்பாசிக் குத்தகை விடும்பொழுது, வலையில் அகப்படும் அந்நிய மீனை மறுபடியும் ஜலத்தில் எறியாமல் கரையிலேயே அழித்துவிட வேண்டும் என்று குத்தகைதாரருக்குத் தெரிவியுங்கள். பள்ளிக்கூடத்தில் தொட்டி வைக்க விரும்பும் உபாத்தியாயர்களுக்கு மேற்சொன்ன சிறு திட்டத்தைக் காட்டுங்கள். இவற்றுக்குச் செலவு ஒன்றுமில்லை.

அந்த மிராசுதாரர் வீட்டுத் தொட்டி இன்னும் இருக்கிறது. ஆறு டேனியோவும் மூன்று கப்பியும் அதில் ஒன்றரை வருஷமாகச் சுகமாக வாழ்கின்றன. பேத்தி இப்பொழுது மேல் வகுப்புக்கு வந்துவிட்டாள். புதிதாக மீன் வாங்கும் தோழிகளிடம், “இது எவ்வளவு பெரிதாகும் என்று கேட்டாயா?” என்று முதலில் விசாரிக்கிறாளாம். நான் கேட்கத் தவறிய கேள்வி அதுவே. வாசகர்கள் அதைக் கடை வாசலிலேயே கேட்டுவிட்டால், பின்பு ஏரிக்கரையில் நின்று வருந்த நேராது.